தெளிந்த நீரும் சிறு தோணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இம்மேடையில் நமக்கு முன் பேசியவர்கள் கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசினார்கள். அவர்களுக்குப் பின் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளை பிறந்திருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சரக்குப் பிரிவிலே ரசீதும் பதிவேடுமாய்க் காலம் தள்ளும் ஓர் எழுத்தர் இலக்கியம் பேசுவதைக் காட்டிலும் மீனைப் பேசுவதே பொருத்தம் என்று செயலாளர் கருதினார் போலும். அக்கருத்து நமக்கும் உடன்பாடே.

காலனியில் சில மாதங்களாக ஒரு பேச்சு உலவி வருகிறது. ஞாயிறுதோறும் விடியுமுன் நால்வர் ஒரு பச்சை நிறத் தோணியை வண்டியின் மேல் கட்டிக்கொண்டு பர்கி அணைப் பக்கம் போகிறார்கள். பகல் உணவுக்குத் திரும்புகிறார்கள். கையில் ஒரு மீனும் இருப்பதில்லை. ஆனாலும் முகத்தில் மகிழ்ச்சி இருக்கிறது. இதில் ஏதோ மர்மம் உண்டு என்பதே அப்பேச்சு. மர்மம் ஒன்றும் இல்லை. பிடித்த மீனை நாங்கள் விட்டுவிட்டு வருகிறோம். ஏன் பிடிக்கிறோம், ஏன் விடுகிறோம், இடையில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லவே இன்று நிற்கிறோம்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு சொல். நாம் பிழைக்க வந்த இந்த ஜபல்பூர் இருப்புப்பாதைக்காரர்களுக்குப் பழைய உறவுள்ள ஊர். கல்கத்தாவிலிருந்து வந்த பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1870ஆம் ஆண்டில் கைகோத்தது இங்கேதான். ஆனால் அப்பாதைகளுக்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே இவ்வூரைக் கடந்து சென்றுகொண்டிருப்பவள் நர்மதை. அமர்கண்டகத்தில் தோன்றி, விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் இடையே மேற்கு நோக்கி 1,312 கிலோமீட்டர் ஓடி, பரூச்சுக்கு அப்பால் கடலில் கலக்கிறாள். காவிரியும் வைகையும் கிழக்கே ஓடக் கண்ட நமக்கு, மேற்கே ஓடும் பேராறு தொடக்கத்தில் சற்றுத் திகைப்பாகவே இருந்தது.

மழைக்காலத்து நர்மதை செம்மண் கரைத்த தேநீர் போன்றிருப்பாள். தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்தால் கலங்கல் அடங்கி, இரண்டாள் ஆழத்திலும் கூழாங்கல் தெரியும். இத்தெளிவுதான் எங்களை இழுத்தது. மீன் பிடிப்பவனைத் தோற்கடிப்பதும் இத்தெளிவேதான்.

எவ்வாறெனில், கலங்கல் நீரில் மீனுக்கும் நமக்கும் நடுவே ஒரு திரை உண்டு. தெளிந்த நீரில் அத்திரை இல்லை. நாம் மீனைக் காணுமுன் மீன் நம்மைக் கண்டுவிடும். அது காணும் விதமும் விந்தையானது. நீருக்குள்ளிருந்து மேல்நோக்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்தினுள்ளே சுருங்கித் தோன்றும். அவ்வட்டத்துக்கு வெளியே நீரின் அடிப்பரப்பு கண்ணாடிபோல் மின்னுமேயன்றி வேறொன்றும் தெரியாது. ஒளி நீரிலே புகும்போது வளைவதால் ஏற்படும் விளைவு இது. கரைப்பாறையில் நிமிர்ந்து நின்று தூண்டில் வீசும் ஆளின் தலையும் தோளும் அச்சாளரத்தில் நன்றாக விழுந்துவிடும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ உட்கார்ந்திருப்பவனோ, சற்றுத் தொலைவில் இருந்தால், சாளரத்தின் விளிம்பிலே நசுங்கி மங்கிப் போவான். தாழ்ந்த தோணியின் முதல் நன்மை இதுவே. மீனின் தலைக்கு நேர் மேலே தோணியைக் கொண்டுபோய் நிறுத்தினால் இந்நன்மை பறந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். அப்போது அதற்கு நாம் ஒரு கரிய மேகம்.

கண்ணைவிடக் கூர்மையானது காது. எங்கள் நோக்கம் எந்த மீன்மேல் என்பதை இன்னும் சொல்லவில்லை, அது மகசீர். இம்மாநிலத்தார் 2011ஆம் ஆண்டில் தங்கள் மாநில மீனாக அறிவித்தது இதனையே. நர்மதைக் கரை மக்கள் பாடஸ் என்றும் அழைப்பார்கள். இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து மீன்களுக்கெல்லாம் இயற்கை ஒரு தனிக் கருவி தந்திருக்கிறது. வயிற்றினுள்ளே இருக்கும் காற்றுப்பையையும் உட்செவியையும் சிறுசிறு எலும்புகள் சங்கிலிபோல் இணைக்கின்றன. காற்றுப்பை மத்தளம் போல் அதிர, அவ்வதிர்வு எலும்பு வழியே செவியை அடைகிறது. போதாக்குறைக்கு, ஒலி காற்றில் நொடிக்கு 340 மீட்டர் அளவில் செல்ல, நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். துடுப்பு தோணியின் விளிம்பில் ஒருமுறை 'டொக்'கென்று மோதினால், அச்செய்தி மடு முழுவதும் தந்தி கொடுத்தாற்போல் பரவிவிடுகிறது. இயந்திரப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நம்முள் ஒருவர் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகும் ஓசையைக் கேட்டே மீன் கலைகிறது என்று மற்றொருவர் சாதிப்பார். அது நட்பினால் சொல்லும் மிகை.

ஆகவே தாழ்வாகவும் ஓசையின்றியும் செல்லக்கூடிய தோணி வேண்டும். உலகத்தில் இதற்கு இரண்டு பழைய விடைகள் உண்டு. ஒன்று நம்முடையது, ஒகேனக்கல்லிலே எல்லோரும் ஏறியிருக்கிற பரிசல். மூங்கிலைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்தியது. ஓசை மிகக் குறைவு. பாறையில் உராய்ந்தாலும் வளைந்து கொடுக்கும். ஆனால் காற்றடித்தால் அணையின் நடுவே அது தன் இஷ்டத்துக்குச் சுழலும். மற்றொன்று வடதுருவத்து மக்களான இன்யூட்டுகளின் காயக். மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்தி, ஒருவன் கால் நீட்டி அமரும் அளவில் செய்த ஒடுங்கிய தோணி. அது வேட்டைக்கென்றே பிறந்தது. நீர்விலங்கை அதன் செவிக்கு எட்டாமல் அணுகுவதற்கென்றே உருவானது. இன்று அதே வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். மேலே உட்காரும் வகையில் செய்த தோணியில், ஏறிய நீர் தானே வடிய அடிவரை துளைகள் விட்டிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நாங்கள் நால்வர் பங்கு போட்டு, ஒருவர் பழகிக் கழித்ததை வாங்கினோம். இருவர் அமரலாம். மாடிப்படியின் கீழே அதை வைத்திருக்கிறோம். காலனிச் சிறுவர்கள் அதற்குப் 'பச்சை வாழைக்காய்' என்று பெயரிட்டுவிட்டார்கள். இனி எந்தப் பெயரும் அதற்கு ஒட்டாது.

காயக்கில் அமர்ந்து தூண்டில் போடும் பழக்கம் இன்று பெருகியிருப்பது அமெரிக்காவில். அங்கே அவர்கள் தேடுவது பாஸ் என்னும் மீன். அது கெண்டைக் குலம் அன்று. வாய் அகன்ற, பிற மீன்களை விழுங்கும் வேட்டைமீன். தெளிந்த நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரத்தடியிலும் பாறை நிழலிலும் பதுங்கியிருக்கும். அதன் உலகச் சாதனையைப் பற்றி ஒரு கதை உண்டு. எழுத்தர்களுக்கு மிகவும் இனிக்கும் கதை. 1932ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் பிடித்தார். எழுபத்தேழு ஆண்டுகள் அதை எவரும் எட்டவில்லை. 2009ஆம் ஆண்டில் ஜப்பானில் பீவா ஏரியிலே மனாபு குரிட்டா என்பவர் அதைவிட ஓர் அவுன்ஸுக்குச் சற்றே குறைவான அளவு கூடுதலாக ஒரு மீன் பிடித்தார். வென்றாரா? இல்லை. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இருவரும் சமம் என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. விதி என்றால் விதிதான்! நம் அலுவலகத்திலேயே இத்தகைய கண்டிப்பு இருக்கக்கூடும் என்று இதுவரை நினைத்திருந்தோம்.

அவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது வேறொன்று. காயக்கில் நிகழும் பந்தயங்களில் மீனை எடை போடுவதில்லை. விளிம்பில் அளவு குறித்த பலகை ஒன்று வைத்திருப்பார்கள். மீனை அதன்மேல் கிடத்தி, நீளம் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, உடனே நீரில் விட்டுவிடுவார்கள். படமே சாட்சி. செத்த மீன் தேவையில்லை. இம்முறையை அறிந்தபோது நம் குழுவிலுள்ள புலால் உண்ணாத நண்பர் ஒருவர், "அப்படியானால் நானும் வருகிறேன், பதிவேட்டை நான் எழுதுகிறேன்" என்றார். கணக்குப் பிரிவிலே இருபது ஆண்டு பழகிய கை. அன்றிலிருந்து தூண்டிலைத் தொடாமலே அவர் எங்கள் குழுவில் மிக முக்கியமானவராகிவிட்டார்.

இப்போது மகசீருக்கு வருவோம். கையகலச் செதில், தடித்த உதடு, தாடையில் பல்லே இல்லை. பல்லில்லாத மீன் என்று ஏமாந்துவிடக்கூடாது. தொண்டைக்குள்ளே அதற்குப் பல் உண்டு. நண்டையும் நத்தையையும் அங்கே வைத்து நொறுக்கும். சில வேளை தூண்டில் முள்ளையும் நசுக்கிவிடும். கரைமரத்துப் பழம் விழுந்தாலும் தின்னும், பாசியும் தின்னும், சிறுமீனும் தின்னும். காவிரியில் இதற்குக் கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருட்டிப் போடுவது வழக்கம். ராகிக்களி என்றால் வாய் ஊறும் மீன் நம் ஊருக்கு உறவாகாமல் வேறு எதற்கு உறவாகும்? தூண்டிலில் பட்டதும் அது ஓடும் முதல் ஓட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லால் விளக்க இயலாது. சுருளிலிருந்து நூல் பறக்கும். தோணியே மீன் போகும் திசைக்குத் திரும்பிவிடும்.

இம்மீனின் புகழைப் புத்தகத்தில் ஏற்றியவர்களுள் முதல்வர் சென்னை மாகாணத்து அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ். தென்கன்னட மாவட்டத்தில் கலெக்டராயிருந்தவர். 1873ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி நூல் எழுதினார். இன்னொருவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்றே எல்லோரும் அறிவர். அவர் நம் ஆள் என்பதைப் பலர் அறியார். மொகாமே காட் என்னும் கங்கைத் துறையில், அகலப் பாதைச் சரக்கை மீட்டர் பாதை வண்டிக்கு மாற்றும் வேலையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் நடத்தினார். 1944ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய குமாவூன் புலிக் கதைகளின் நடுவே, மகசீரைப் பற்றியும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. சரக்குக் கொட்டகையில் உழைத்த ஒருவர் ஓய்வில் தூண்டிலை எடுத்தார் என்பதில் எங்களுக்கு ஓர் அந்தரங்கமான பெருமை.

ஆனால் பெருமை பேசி முடிக்கும் நிலையில் மகசீர் இன்று இல்லை. மழை வந்தால் இம்மீன் ஆற்றை எதிர்த்து ஏறும். ஓடும் நீரும் சுத்தமான கூழாங்கல் படுகையும் இருந்தால்தான் முட்டையிடும். பர்கி அணை 1990ஆம் ஆண்டு நிறைவுற்றது. கீழே இந்திரா சாகர், ஓங்காரேசுவரம், சர்தார் சரோவர் என்று வரிசையாக அணைகள் எழுந்தன. ஏறுகிற மீனுக்கு நடைமேடையின் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட்டன. போதாததற்கு, கூழாங்கல்லையும் மணலையும் லாரியில் அள்ளிப் போகிறார்கள். வெடி வைத்து மீன் பிடிப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. இருந்தும், அவ்விரண்டும் நாட்டிலே ஒழிந்தபாடில்லை.

அணை மீனை மட்டுமா தடுத்தது? பர்கி நீரில் 162 கிராமங்கள் பாதிக்கப்பட்டன. நிலத்தை இழந்த உழவர்கள் மீன்பிடிக்கப் பழகி, கூட்டுறவுச் சங்கங்கள் கண்டு, போராடி 1994ஆம் ஆண்டில் அந்த நீர்த்தேக்கத்தின் மீன்பிடி உரிமையைப் பெற்றார்கள். பின்னர் அவ்வுரிமை அவர்கள் கையை விட்டுப் போயிற்று என்பது வேறு கதை. நாம் சொல்ல வருவது யாதெனில், அந்நீரின் அடியில் ஒருவருடைய கொல்லையும் கோயிலும் கிடக்கின்றன. அங்கே வலைவீசுபவருக்கு மீன் என்பது வயிற்றுப்பாடு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே அவர்கள் வலையருகே தோணியைக் கொண்டுபோவதில்லை. வலையில் கையும் வைப்பதில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடுவதில்லை. விதிகளை ஆண்டுதோறும் விசாரித்து அறிகிறோம். ஜூன் 16 முதல் ஆகஸ்டு 15 வரை, மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று இம்மாநிலத்தில் மீன்பிடிக்கத் தடை உண்டு; அந்த இரண்டு மாதமும் தோணி மாடிப்படியின் கீழேயே உறங்கும்.

இனிப் பதிவேட்டின் பெருமையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

காவிரியில் மைசூர்ச் சீமைப் பக்கம் கலிபோர், பீமேசுவரி, தொட்டமாகலி என்னும் இடங்களில் தூண்டில் முகாம்கள் இருந்தன. பிடித்த மகசீரை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். முன்பு திருட்டுத்தனமாக மீன் கொன்றவர்களே அங்கு காவலர்களாயும் வழிகாட்டிகளாயும் சம்பளம் பெற்றார்கள். அம்முகாம்கள் வனவிலங்குச் சரணாலயத்தின் உள்ளே இருந்தமையால், பின்னர் தூண்டில் மீன்பிடிப்பு அங்கே நின்றது. முகாமில் இருந்தவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எவ்வளவு எடையில் என்ன மீன் கிடைத்தது என்பதை நாள்தோறும் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அப்பதிவுகளைப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரத்து உழைப்பு, 6,161 மகசீர்கள்.

அக்கணக்கு என்ன சொல்லிற்று? மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. கேட்டவுடன் மகிழத் தோன்றும். ஆனால் எந்த மகசீர் என்று பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. காவிரிக்கே உரிய மகசீர் ஒன்று உண்டு; முதுகு கூன்போல் உயர்ந்தது. உலகத்து மகசீர்களிலேயே மிகப்பெரியதாக வளர்வது அது. 1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு. அந்தக் கூன்முதுகு மீன் பதிவேட்டிலே ஆண்டுக்கு ஆண்டு குறைந்து அருகிப்போக, அதன் இடத்தை நீலத்துடுப்பு மகசீர் நிறைத்துக்கொண்டிருந்தது. நீலத்துடுப்பு காவிரிக்கு வெளியூர் மீன். லோனாவலாவில் டாடா நிறுவனத்தார் 1970களிலிருந்து மகசீர்க் குஞ்சு பொரித்துப் பல மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள்; நல்லெண்ணத்தில் காவிரியிலும் விட்டார்கள். மகசீர் அழிகிறதே என்ற கவலையில் செய்த காரியம், காவிரியின் சொந்த மகசீருக்கே நெருக்கடியாய் முடிந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அந்தக் கூன்முதுகு மீனுக்குரிய அறிவியற் பெயர் இன்னதென்று தெளிவாயிற்று. அதே ஆண்டில் அது மிகக் கடுமையாக அழிவை நெருங்கும் இனம் என்று உலகப் பட்டியலில் ஏறியது. நீலகிரியின் மோயாற்றில் இன்னும் எஞ்சியிருக்கிறது. பெயர் வைக்குமுன்பே இழவு ஓலை எழுத நேர்ந்த மீன்!

அப்பதிவேடு இல்லாதிருந்தால், 'மீன் நிறையக் கிடைக்கிறது' என்று எல்லோரும் மகிழ்ந்திருப்போம். எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர்; மாலையில் விளக்கடியில் அமர்ந்து கட்டங்களை நிரப்பிய சாமானியர்கள்.

நர்மதையில் வாழும் மகசீர் வேறு இனம். உலகப் பட்டியலில் அதற்கு எதிரே எழுதியிருப்பது என்ன தெரியுமா? அழிகிறது என்றும் இல்லை, நலம் என்றும் இல்லை. 'போதிய தகவல் இல்லை' என்பதே. அலுவலகத்தில் ஒரு கோப்பின்மேல் இவ்வாறு எழுதினால் அக்கோப்பின் கதி என்னவென்று இங்கிருக்கும் இருப்புப்பாதைக் குடும்பங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அது அலமாரியில் தூங்கும். அதற்குள் சம்பந்தப்பட்டவர் ஓய்வு பெற்றுவிடுவார். மீன் ஓய்வு பெற்றால் திரும்பி வாராது.

ஆகையால் எங்கள் கணக்கு நண்பர் எழுதுகிறார். தேதி, இடம், நீரின் தெளிவு, தூண்டில் நீரில் இருந்த நேரம், மீனின் பெயர், மூக்கிலிருந்து வால்வரை நீளம், படத்தின் எண். ஒன்றும் கிடைக்காத நாளையும் விடாமல் எழுதுகிறார். 'இல்லை' என்று எழுதிய வரியும் கணக்கிலே ஒரு வரி என்பது அவர் கொள்கை. முதற் குளிர்காலம் முழுவதும் மகசீர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றே வந்தது. வாளையும் விராலும் ரோகுவும் வந்தன. இரண்டாம் குளிர்காலத்தில், அணையின் தலைப்பகுதியில் ஓடை வந்து விழும் இடத்தருகே மூன்று மகசீர்கள். மூன்றும் முழங்கை நீளத்துக்கு மேல் இல்லை. சிறிய மீன் என்று பிறர் உதட்டைப் பிதுக்கலாம். எங்களுக்கோ அவை சிறியவையாய் இருந்ததுதான் செய்தி. குஞ்சு வளர்கிறது என்றால், எங்கோ ஓர் ஓடையில் இன்னும் கூழாங்கல் மிஞ்சியிருக்கிறது.

விடுகிற முறைக்கும் ஒழுங்கு உண்டு. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுகிறோம்; எளிதில் கழலும். கையை நனைத்த பின்பே மீனைத் தொடுகிறோம். வறண்ட கை அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும், நோய் பற்றும். பலகையையும் நனைத்துக்கொள்கிறோம். நாம் மூச்சடக்க முடிகிற நேரம் எவ்வளவோ அவ்வளவுக்குள் மீன் மீண்டும் நீருக்குள் போகவேண்டும். விடும்போது வீசி எறியாமல், தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கிப் பிடித்து, அது தானே கையை உதறிப் போகும்வரை காத்திருக்கிறோம்.

சென்ற நவராத்திரியில் கொலுவுக்குப் போயிருந்தபோது, அடுத்த பிளாக்கிலுள்ள ஒரு மாமி நம்மை நிறுத்திக் கேட்டார்கள்: "ஏம்பா, தின்பதற்கென்று பிடித்தால் அது ஒரு பாவம். தின்னவும் இல்லாமல், வாயிலே முள்ளைக் குத்தி விளையாடிவிட்டு விடுவது எந்தக் கணக்கிலே சேரும்?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அக்கேள்விக்கு முழு விடை நம்மிடம் இல்லை என்பதை இம்மேடையிலும் ஒப்புக்கொள்கிறோம். முள் குத்தினால் மீனுக்கு நோகாது என்று சொல்ல நமக்கு நா எழாது. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: மீனைத் தேடுகிறவன் ஒருவனும் இல்லாத மடுவிலே வெடி வைப்பவன் அச்சமின்றி நடமாடுவான், ஞாயிறுதோறும் நால்வர் கண் திறந்து உட்கார்ந்திருக்கும் மடுவிலே சற்று யோசிப்பான். அந்தக் காவலுக்கு மீன் கொடுக்கும் கூலி ஒரு முள் குத்து. கூலி அதிகமா என்று மாமி தீர்ப்புச் சொல்லட்டும். புனிதப் படித்துறைகளில் பக்தர்கள் பொரி தூவுகிற மீன்களின் பக்கம் மட்டும் நாங்கள் தூண்டிலைக் கொண்டுபோவதே இல்லை. துங்கையாற்றில் சிருங்கேரி மடத்துப் படித்துறை மீன்களை எவரும் தொடுவதில்லை என்பதை இங்கே பலர் நேரில் கண்டிருப்பீர்கள். விஞ்ஞானம் தோன்றுமுன் சரணாலயம் கண்டவர்கள் நம் முன்னோர்கள்.

கடைசியாக, தாய்மார்களுக்கு நெருக்கமான விஷயம். இளைஞர்கள் சிலர் தாங்களும் வரவேண்டுமென்று கேட்கிறார்கள், வீட்டார் அஞ்சுகிறார்கள். அஞ்சுவது முற்றிலும் சரி. தண்ணீரைக் கண்டு அஞ்சாதவனை நாங்கள் தோணியில் ஏற்றுவதில்லை.

மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதிதான். சட்டையைத் தோணியில் மடித்து வைத்திருப்பது குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையில் போவதற்கு ஒப்பாகும். முதல் இரண்டு ஞாயிறும் தூண்டில் கையில் தரமாட்டோம். கரையருகே இடுப்பளவு நீரில் தோணியை வேண்டுமென்றே கவிழ்த்து, மீண்டும் அதில் ஏறப் பழக்குவோம். கவிழ்ந்தால் தோணியை விட்டு நீந்தக்கூடாது. தோணியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அது மூழ்காது, களைத்த மனிதன் மூழ்குவான். கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக்கூடாது. பர்கி நீர் கடல்போல் அகன்றது. காலையில் கண்ணாடியாய்க் கிடப்பது, வெயில் ஏறினால் காற்றில் அலை எழுப்பும். ஆதலின் பத்து மணிக்குத் தோணி கரையில் இருக்கவேண்டும். மீன் கடிக்கிறதே என்ற சாக்கு செல்லாது. நீருக்கடியில் மொட்டை மரங்கள் நிற்கின்றன. அவற்றினிடையே கால் வைத்து இறங்கக்கூடாது. அணைக்குக் கீழே ஆற்றில் தூண்டில் போடுவதே இல்லை என்று வைத்திருக்கிறோம். மின்சாரத்துக்காக நீர் திறந்தால் முழங்காலளவு நீர் பேசிக்கொண்டிருக்கும்போதே மார்பளவாகிவிடும். பேடாகாட்டின் சலவைக்கல் பாறைகளைப் படகுக்காரருடைய படகில் போய்க் கண்குளிரக் காணுங்கள். துவாந்தார் அருவியின் பக்கம் நம் தோணிக்கு வேலை இல்லை. பரியட் ஆற்றுப் பக்கம் முதலைகள் உண்டு; அங்கேயும் நாங்கள் போவதில்லை.

பயிற்சிக்கு வர விரும்பும் இளைஞர்கள் பெற்றோரின் கையெழுத்தோடு சங்கப் படிப்பறையில் பெயர் எழுதிவைக்கலாம். மிதவைச் சட்டை இரண்டு உபரியாக இருக்கின்றன. மூன்றாவதற்குச் சங்கம் மனம் வைக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டா என்று நேற்று ஒரு சிறுமி வந்து கேட்டாள். தூண்டில் போட வேண்டாமாம். அளவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு எண்களை அவள்தான் படிப்பாளாம். கணக்கு நண்பர் அவளுடைய பெயரைப் பட்டியலின் முதல் வரியில் எழுதிவிட்டார். கார்த்திகை முதல் ஞாயிறு, காலை நாலரை மணி, நம் பிளாக்கின் மாடிப்படியருகே. கம்பளிக் குல்லாய் மறவாமல் கொண்டுவரவும்.